டயர் கடைக் கிளைகளும் நட்சத்திர மதிப்பெண்களும்: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஒரு டயர் விற்பனைக் கடையில் பதினோரு ஆண்டுகள் கணக்கெழுதியதோடு, வாடிக்கையாளர் புகார்ப் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டவன் நான். அந்த வேலையை விட்ட பிறகும், நான்கு டயர் மாற்ற வேண்டியவர் யாராக இருந்தாலும், கைப்பேசியில் ஏதாவது ஒரு கடையின் நட்சத்திரத்தைக் காட்டி "இந்தக் கிளைக்குப் போகலாமுங்களா" என்று என்னிடம் கேட்பது நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிவைத்து, அவற்றுக்கான விடைகளைக் கீழே தந்திருக்கிறேன்.

ஒரே பேர்ப் பலகை போட்ட கடையெல்லாம் ஒரே முதலாளியோடதுதானுங்களா?

பெரும்பாலும் இல்லை. டயர் கம்பெனியின் பெயரைப் பெரிதாகப் போட்டிருக்கும் கடைகளில் மிகுதியானவை, அந்தக் கம்பெனியிடம் டீலர் உரிமை பெற்ற உள்ளூர்க்காரர்கள் தங்கள் சொந்த முதலீட்டில் நடத்துபவை. பலகையின் நிறம், உட்புற அமைப்பு, விற்கும் டயர் ஆகியவை ஒன்றுபோல் இருக்கும். முதலாளி, வேலையாட்கள், எந்திரத்தின் வயது ஆகியவை கடைக்குக் கடை வேறுபடும். இன்னொரு வகையில், ஒரு குடும்பமே கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று பல கிளைகளை வைத்துக்கொண்டு எல்லாக் கம்பெனி டயரையும் விற்கும். ஆகவே ஒரு கிளை பெற்ற நட்சத்திரத்தை அதே பலகை தொங்கும் மற்றொரு கிளைக்குச் சேர்த்து எண்ணுவது தவறு.

ஐயம் இருந்தால் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32, கர்நாடகத்துக்கு 29. அதற்கடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். இரண்டு கிளைகளின் பில்லிலும் அந்தப் பத்தும் ஒன்றாக இருந்தால் முதலாளி ஒருவரே. பாலக்காட்டுக் கிளையின் எண் 32 என்று தொடங்கினாலும், நடுவில் உள்ள பத்தும் மாறாமல் இருந்தால் அது கோயம்புத்தூர்க்காரரின் கடைதான்.

கோயம்புத்தூர்ல ரோட்டுக்கு ரெண்டு ஷோரூம் இருக்குது, எங்க ஊர்ப் பக்கம் ஒண்ணுகூட இல்லையே, ஏனுங்க?

டயர் விற்பதில் கிடைக்கும் லாபம் மட்டும் ஒரு ஷோரூமை நடத்தப் போதாது. வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது), டயர் கழற்றி மாட்டும் எந்திரம் ஆகியவற்றுக்குப் போட்ட முதலீடு திரும்ப வேண்டுமானால், நாள்தோறும் கார்கள் வரிசையில் நிற்க வேண்டும். அவை நிற்பதற்கு இடமும் வேண்டும். அதனால் அவிநாசி சாலை, மேட்டுப்பாளையம் சாலை, சத்தி சாலை, திருச்சி சாலை, பொள்ளாச்சி சாலை என்று நகரத்திலிருந்து வெளியேறும் பெருஞ்சாலைகளின் ஓரத்திலேயே கடைகள் அமைகின்றன. ஈரோட்டில் பெருந்துறை சாலைக்கும் இது பொருந்தும். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால், கிளைகள் வட்டமாகப் பரவாமல் சாலைகளை ஒட்டிக் கோடு கோடாக நீள்வது தெரியும்.

கோபி, தாராபுரம், உடுமலை போன்ற ஊர்களில் கார் டயரைவிட டிராக்டர் டயரும் பைக் டயரும் சரக்கு வண்டி டயரும்தான் மிகுதியாக ஓடும். அவற்றுக்கு லேசர் அலைன்மென்ட் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அங்கே கடைகள் இல்லாமல் இல்லை. பளபளப்பான பலகை இல்லை, அவ்வளவே.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம்தான் டயர் வியாபாரமே நடக்குதுங்கறாங்க. அங்கே இருக்கிற கடைக்கெல்லாம் நாலஞ்சு பேர்தான் ரேட்டிங் போட்டிருக்காங்க. அப்போ நல்ல கடை இல்லைங்களா?

நம் பகுதியில் மிகுதியாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயம் இது. நாமக்கல்லுக்கு டிஎன் 28, திருச்செங்கோட்டுக்கு டிஎன் 34, சங்ககிரிக்கு டிஎன் 52 என்று தனித்தனியாகப் பதிவெண்கள் இருப்பதே அங்குள்ள வண்டிகளின் பெருக்கத்தைக் காட்டும். பத்துச் சக்கர லாரி ஒன்றுக்கு ஸ்டெப்னியையும் சேர்த்துப் பதினொரு டயர் வேண்டும். நான்கு லாரி வைத்திருப்பவருக்கு நாற்பத்து நான்கு. திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்களுக்குப் போய் மாதக்கணக்கில் ஓடும் போர்வெல் வண்டிகளின் கணக்கு இதில் சேரவில்லை.

ஆனால் லாரிக்காரர் நட்சத்திரம் போடுவதில்லை. அவருக்கும் கடைக்காரருக்கும் இடையில் கடன் நோட்டு இருக்கிறது. டயர் இத்தனை கிலோமீட்டர் ஓடியது, இரண்டாம் முறை ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது மேற்பரப்பு) போட்டபோது கேசிங் (டயரின் உடல்) தாங்கியது அல்லது தாங்கவில்லை என்பதெல்லாம் அங்கே நேரில் பேசித் தீர்க்கப்படும். பிடிக்காவிட்டால் அடுத்த லோடுக்கு வேறு கடைக்குப் போய்விடுவார். எனவே மதிப்பெண் போட்டவர்கள் குறைவாக இருப்பது கடையின் தரத்தைச் சொல்வதில்லை. யார் அங்கே வாடிக்கையாளர் என்பதை மட்டும் சொல்கிறது. லாரி டயர்க் கடையைத் தேர்ந்தெடுக்க, அங்கே வாசலில் நிற்கும் வண்டிகள் எந்த டிரான்ஸ்போர்ட்டுக்கு உரியவை என்று பார்ப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி.

மேப்புல "அருகில்"னு காட்டுற கிளைக்கே போயிடலாமுங்களா?

சமவெளியில் போகலாம். மலையை ஒட்டிய ஊர்களில் நேர்கோட்டுத் தூரத்துக்குப் பொருளே இல்லை. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக் கடைக்கு வருபவர் ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தேய்ந்த டயரோடு இறங்கியாக வேண்டும். தாளவாடி ஈரோடு மாவட்டத்தில் இருந்தாலும், சத்தியமங்கலத்துக்கு வர 27 வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையைக் கடக்க வேண்டும். அங்கே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. கர்நாடகத்தில் உள்ள சாம்ராஜ்நகர் அவர்களுக்குக் கிட்டம். நிறுவனத்தின் கிளைப் பட்டியலில் தமிழ்நாட்டை மட்டும் தேடினால் அந்தக் கிளை கண்ணில் படாது.

மாவட்ட வாரியாகத் தேடுவதிலும் இதே சிக்கல் உண்டு. பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டம், ஈரோடு வேறு மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காவிரிப் பாலம் ஒன்றுதான். பவானிக்கும் குமாரபாளையத்துக்கும் அப்படியே. பள்ளிபாளையத்துக்காரர் நாமக்கல் மாவட்டக் கிளையைத் தேடிக்கொண்டு நாமக்கல் வரை போன கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

4.9 வாங்கின கடை 4.4 வாங்கின கடையைவிட நல்ல கடைதானுங்களே?

எத்தனை பேர் போட்டார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. முதல் கடைக்கு 12 பேர் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், பதினொருவர் ஐந்தும் ஒருவர் நான்கும் போட்டதால் 4.9 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளை ஒருவர் கோபத்தில் ஒன்று போட்டால் அது 4.6 ஆகச் சரியும். 640 பேர் போட்டு 4.4 வாங்கிய கடைக்கு அதே ஆள் ஒன்று போட்டாலும் 4.4 என்பது அசையாது. முதல் கடையின் மதிப்பெண் அந்த அளவுக்கு லேசானது.

இதைச் சரிக்கட்ட ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் நான்கு நட்சத்திரம் போட்ட 20 பேரைக் கற்பனையாகச் சேர்த்துவிட்டு மறுபடி சராசரி எடுங்கள். 12 பேர் கடைக்கு 4.34 வரும்; 640 பேர் கடைக்கு 4.39 வரும். வரிசை தலைகீழாகிவிடுகிறது. 20 என்பது நான் வைத்துக்கொண்ட எண். 10 வைத்தாலும் 30 வைத்தாலும் தவறில்லை, ஆனால் ஒப்பிடும் எல்லாக் கடைகளுக்கும் ஒரே எண்ணை வைக்க வேண்டும்.

ரெண்டு கிளைக்கும் 4.4, ஆள் கணக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அப்போ எதுக்குப் போனாலும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. நூறு பேரில் 40 பேர் ஐந்தும் 60 பேர் நான்கும் போட்டால் சராசரி 4.4. நூறு பேரில் 85 பேர் ஐந்தும் 15 பேர் ஒன்றும் போட்டாலும் சராசரி 4.4 தான். முதல் கடையில் யாரும் மனம் நொந்து போகவில்லை. இரண்டாம் கடையில் ஏழு பேருக்கு ஒருவர் அழாத குறையாகப் போயிருக்கிறார். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஐந்து கோடுகளாகக் காட்டப்படும் பிரிப்பை அதற்காகவே பார்க்க வேண்டும்; அடியில் உள்ள ஒரு நட்சத்திரக் கோடு நீளமாக இருந்தால், அந்தக் கிளையில் ஏதோ ஒன்று திரும்பத் திரும்பத் தவறுகிறது.

ஒரு ஸ்டார் போட்டவங்க எழுதினதை மட்டும் படிச்சாப் போதும்னு சொல்றாங்க. சரிங்களா?

பாதி சரி. ஒரு நட்சத்திரப் பதிவுகளில் மூன்று வகைப் புகார்கள் கலந்து கிடக்கும்: காக்க வைத்தது, வேலை சரியில்லாதது, டயரே சரியில்லாதது. திருப்பூரில் தீபாவளி போனஸ் கொடுக்கும் வாரத்திலும், ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டிக்குக் கார்கள் கிளம்பும்போது மேட்டுப்பாளையம் சாலையிலும், எந்தக் கடையிலும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டித்தான் வரும். அந்தத் தேதிகளில் எழுதப்பட்ட "ரொம்ப நேரம் ஆக்குறாங்க" என்ற புகாரை நான் கழித்துவிடுவேன்.

வேலை பற்றிய புகாரை மட்டும் சொல்லுக்குச் சொல் படிக்க வேண்டும். "அலைன்மென்ட் பண்ணியும் எண்பதுல ஸ்டீயரிங் உதறுது" என்று ஒருவர் எழுதியிருந்தால், அது அலைன்மென்ட்டின் குறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. குறிப்பிட்ட வேகத்தில் உதறுவது பெரும்பாலும் பேலன்சிங் குறை. டிஸ்க்கின் (டயர் ஏறும் உலோகச் சக்கரத்தின்) விளிம்பில் ஒட்டும் சிறு ஈயக் கட்டையைப் பழைய பசை மேலேயே அழுத்திவிட்டால், முதல் வேகத்தடையிலேயே அது கழன்று விழுந்துவிடும். எங்கள் கடை வாசலில் மாலையில் கூட்டினால் அப்படிப்பட்ட கட்டைகள் இரண்டு மூன்று கிடைக்கும். அதற்கு மாறாக, "ஸ்டீயரிங்கை விட்டா இடது பக்கம் இழுக்குது" என்பதுதான் அலைன்மென்ட் புகார். அதுவும் நான்கு சக்கரத்திலும் காற்று சமமாக இருந்தால் மட்டுமே. ஒரே கிளையில் "இழுக்குது" என்று ஓராண்டில் ஐந்தாறு பேர் எழுதியிருந்தால் அந்தக் கிளையின் எந்திரத்தையோ ஆளையோ நம்ப முடியாது.

என் அனுபவத்தில், மூன்று நட்சத்திரம் போட்டவர்களே நிதானமாக எழுதுகிறார்கள். நல்லது எது, குறை எது என்று இரண்டையும் சொல்லும் பழக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.

பைபாஸ்ல இருக்கிற கிளைக்கு மார்க் கம்மியா இருக்குது. அங்கே ஏமாத்தறாங்களா?

ஏமாற்றுபவர் எங்கும் உண்டு. ஆனால் நீலாம்பூர், மதுக்கரை பைபாஸ் போன்ற இடங்களில் கடைக்குள் நுழைபவர் விருப்பப்பட்டு வந்தவர் அல்லர். டயர் வெடித்து, குடும்பத்தோடு வெயிலில் நின்று, வேறு வழியில்லாமல் வந்தவர். தன் வண்டிக்கு உரிய அளவில் டயர் இருப்பு இல்லை என்றாலோ, இருக்கும் ஒரே கம்பெனி டயரைத்தான் வாங்க வேண்டும் என்றாலோ அவருடைய எரிச்சல் நட்சத்திரத்தில் இறங்கும். அவர் மறுபடி அந்தக் கடைக்கு வரப்போவதும் இல்லை, தம் பதிவைத் திருத்தப்போவதும் இல்லை. ஊருக்குள் இருக்கும் கடையில் பதிவிடுபவர் மூன்றாம் முறையாக வந்தவராக இருப்பார். ஆகையால் பைபாஸ் கடையை இன்னொரு பைபாஸ் கடையோடும், ஊர்க்கடையை ஊர்க்கடையோடும் ஒப்பிடுவதே முறை.

அஞ்சு ஸ்டார் போட்டா பேலன்சிங் இலவசம்னு சொன்னாங்க. போட்டுட்டேன். தப்புங்களா?

உங்களைவிடக் கடைக்காரர் செய்தது தவறு. பரிசோ தள்ளுபடியோ கொடுத்து மதிப்புரை வாங்குவதைக் கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளைத் திரட்டுவதற்கும் வெளியிடுவதற்கும் ஐஎஸ் 19000:2022 என்ற தரநிலையை 2022 நவம்பரில் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய மதிப்புரை கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஆனால் அது கட்டாயச் சட்டமாக வரவில்லை, விரும்புவோர் ஏற்றுக்கொள்ளும் தரநிலையாகவே வந்தது.

ஒரே நாள்ல பதினஞ்சு பேர் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. போலிங்களா?

முதலில் தேதியைப் பாருங்கள். கிளை திறப்பு விழா நாளாக இருந்தால் சொந்தபந்தம் போட்டிருக்கும். அது போலி என்பதைவிட மொய் என்று சொல்லலாம். திறப்பு விழா இல்லாமல் திடீரென்று குவிந்திருந்தால் முந்தைய விடையில் சொன்ன இலவசம் நடந்திருக்கும். வண்டியின் பெயர், டயர் அளவு, என்ன வேலை என்ற எதுவுமே இல்லாமல் "சூப்பர் சர்வீஸ்" என்று மட்டும் உள்ளவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பழைய டயரைப் புதுசுன்னு குடுத்துட்டாங்கன்னு எழுதியிருக்காங்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்க?

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம் செய்தது. இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடும். மாட்டிய பிறகு அது உட்பக்கமாகப் போய்விட்டால், வண்டிக்கு அடியில் கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்து பார்க்க வேண்டிவரும். எனவே டிஸ்க்கில் ஏற்றுவதற்கு முன்பே, தரையில் கிடக்கும்போதே நான்கையும் படித்துவிடுங்கள். என் சொந்தக் காருக்கு ஒரு கடையில் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்து, மூன்று டயர் ஒரு தேதியும் நான்காவது ஒன்றரை ஆண்டு முந்தையதும் என்று வீட்டில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புகார்ப் பதிவேடு எழுதியவனுக்கே அந்த நிலை.

அதே சமயம், ஆறு மாதத்துக்கு முன் செய்த டயரை "பழசு" என்று சொல்லி ஒரு நட்சத்திரம் போடுவது நியாயமில்லை. நிழலில் சரியாக வைக்கப்பட்ட டயர் ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது. ஆலையிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து கிளை என்று வந்துசேரவே சில மாதம் பிடிக்கும். மெதுவாக விற்கும் அளவுகளில் இது இன்னும் கூடும்.

ரிவ்யூவுல ஒரு விலை போட்டிருக்காங்க, கிளையில வேற விலை சொல்றாங்க. எதை நம்பறதுங்க?

பதிவின் தேதியை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார், பைக், லாரி டயர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கு 18இலிருந்து 5 ஆனது. வரிக்கு முன் 5,000 ரூபாய் உள்ள டயர் அதற்கு முன் 6,400, அதற்குப் பின் 5,900. பழைய பதிவில் உள்ள விலையை இன்றைய விலையோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

தேதி அண்மையதாக இருந்தும் வேறுபாடு இருந்தால், முதல் கேள்விக்குச் சொன்ன விடை இங்கே பொருந்தும்: டீலர்கள் வேறுவேறானவர்கள், அவரவர் விடும் தள்ளுபடியும் வேறு. அலைன்மென்ட், பேலன்சிங், வால்வு, பழைய டயருக்குக் கழித்த தொகை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொன்னால், இரண்டு விலைக்கும் உள்ள வேறுபாடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கிளெய்ம் குடுக்கலைன்னு போட்ட ஒரு ஸ்டாரெல்லாம் கடைக்காரர் தப்புதானுங்களா?

கிளெய்ம், அதாவது குறையுள்ள டயருக்கு ஈடு, கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது டயர் கம்பெனி; கடை அதை வாங்கி அனுப்பும் இடம். பொதுவாகச் செய்முறைக் குறைக்கு மட்டுமே கிளெய்ம் உண்டு. குழியில் இறங்கிப் பக்கவாட்டில் வெட்டுப்பட்டதும், அடிபட்டு உள்நூல் அறுந்து கொப்பளம் போல் வீங்கியதும் சாலையின் குறையாகவே கொள்ளப்படும். ஏற்கப்பட்டாலும், மீதமுள்ள பட்டன் (டயரில் தரையைத் தொடும் மேடுகள்) உயரத்துக்கு ஏற்றபடிதான் தொகை கழியும். பாதி தேய்ந்த டயருக்கு முழு விலை வராது.

கடையின் பொறுப்பு என்று எஞ்சுவது இரண்டு: டயரை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்களா, இன்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்று எழுத்தில் தந்தார்களா. இவை நடக்காத கிளைக்குப் போட்ட ஒரு நட்சத்திரம் சரியானதே.

கடையை வேற ஒருத்தர் வாங்கிட்டாராம், ஆனா ரேட்டிங் அப்படியே இருக்குது. அதெப்படிங்க?

மேப்பில் உள்ள பக்கம் கடையின் பெயருக்கும் இடத்துக்கும் உரியதாகவே தொடர்கிறது. முதலாளி மாறியது அதற்குத் தெரியாது. பழையவர் பத்தாண்டில் சேர்த்த நல்ல பெயரில் புதியவர் குளிர்காய்வதும் நடக்கும், பழைய கெட்ட பெயரைப் புதியவர் சுமப்பதும் நடக்கும். பதிவுகளைப் புதியது முதலில் வரும்படி அடுக்கி, கடந்த ஆறு மாதத்தை மட்டும் தனியாகச் சராசரி போட்டுப் பாருங்கள். முதலாளி மாறியது உண்மைதானா என்று தெரியவேண்டுமானால், பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்து அந்தப் பத்தெழுத்து பான் எண்ணை ஒப்பிட்டால் போதும்.

ரேட்டிங் போட்டதோட விடாம, நெஜமாவே புகார் குடுக்கணும்னா எங்கே போறதுங்க? தலைமை அலுவலகம் வெளிமாநிலத்துல இருக்குதுங்களே.

அதனால் தடை இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பார்க்கலாம். டயரின் வரிசை எண் எழுதிய பில் கையில் இருக்க வேண்டும். பில் வேண்டாம் என்று சொல்லி இருநூறு ரூபாய் குறைத்து வாங்கியவருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

குறை எழுதினதுக்கு அப்புறம் கடைக்காரர் கூப்பிட்டு வேலையைச் சரி பண்ணிக் குடுத்துட்டார். இப்போ எழுதினதை எடுத்துடச் சொல்றார். எடுத்துடறதுங்களா?

எடுக்க வேண்டாம், திருத்துங்கள். முதலில் என்ன நடந்தது, எத்தனை நாளில் சரிசெய்தார்கள், அதற்குப் பணம் கேட்டார்களா என்பதை அதே பதிவின் கீழ் சேர்த்து, நட்சத்திரத்தை உங்களுக்குச் சரியென்று தோன்றும் அளவுக்கு உயர்த்துங்கள். எங்கள் பதிவேட்டில் சிவப்பு மையால் எழுதிய புகாரின் கீழே பச்சை மையால் தீர்வு எழுதுவோம். சிவப்பை அடித்து அழிக்க முதலாளி ஒருநாளும் விட்டதில்லை.